ஓர் ‘ஈ’யை அடிக்கப் பெங்களூர் போனேன்

என் தங்கை ரூபியின் கணவர் தேவசகாயம் பெங்களூரில் வண்டி மேஸ்திரி. ராணுவத்துக்கு உப்பு, அரிசி, மாவு எல்லாம் ஏற்றிப்போகும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு மாட்டுவண்டிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். போன மே மாதம் நடுச்சாலையில் இடி விழுந்து இறந்துபோனார். நான் விடுமுறை வேதபாட வகுப்பு நடத்தக் குடியாத்தம் பக்கம் போயிருந்தேன். வேலூரில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த தந்தி, நான்கு நாள் காவற்காரர் மாடத்திலேயே கிடந்தது. நான் பிரித்துப் பார்த்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதன் பின் ஒரு கார்டு வந்தது. ரூபியின் எழுத்து. “அக்கா, கம்பெனியில் அவரைத் திருடன் என்று எழுதிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த வீட்டையும் காலி பண்ணச் சொல்கிறார்கள். நீ இங்கிலீஷ் படித்தவள். வா.” அவ்வளவுதான். மறுநாள் ரயிலேறினேன்.

பெண்கள் வண்டியில் என் எதிரே கோலார் பக்கத்து அம்மாள் ஒருத்தி, மடியில் ஒரு பலாப்பழத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷிதான். ஏறினதிலிருந்து என்னைத் தின்னு தின்னு என்று உபசரித்துக்கொண்டே வந்தாள். எலுமிச்சம்பழச் சோறு, வேகவைத்த வேர்க்கடலை, நாலு பலாச்சுளை. எதற்காகப் பயணம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“இடி விழுந்தா? அய்யோ. என்ன பாவம் பண்ணாரோ.”

என் கையில் பாதி தின்ற சுளை இருந்தது. அதை ஜன்னல் வழியாக எறிந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் தீராத ஆத்திரம் வந்தால் ‘உன் தலையில் இடி விழ’ என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே, இடி விழுந்தவன் எவனோ சபித்ததற்கு ஏற்றவன்தான் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். காலரா வந்தவனையோ பாம்பு கடித்தவனையோ யாராவது இப்படிக் கேட்கிறார்களா?

பெங்களூரில் ராணுவக் குடியிருப்புப் பக்கத்துத் தண்டு ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் இருந்தும் சுடவில்லை. வேலூரில் அந்நேரம் தரையில் கால் வைக்க முடியாது. ஜட்காக்காரரிடம் ரூபி குடியிருக்கும் மர்பி டவுன் பேரைத் தெளிவாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு மணி நேரம் குலுக்கி எடுத்துவிட்டு, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் நிறுத்தினார். இறங்கி விசாரித்தால், அது ஆஸ்டின் டவுன்!

“ரெண்டும் துரை பேருதானே அம்மா,” என்றார் அவர், தக்கினி உருதுவும் தமிழும் கலந்து. “எந்தத் துரைன்னு குதிரைக்கு எப்படித் தெரியும்?”

சிரிப்பு வரவேண்டிய பேச்சு. எனக்கு வரவில்லை. மறுபடி வண்டியைத் திருப்பி, அல்சூர் ஏரியைச் சுற்றி, மர்பி டவுன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

ரூபி வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். என் பையை வாங்கி உள்ளே வைத்தாள். கைகால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். களி எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே அதை உருண்டை உருண்டையாகப் பிடித்து, மெல்லாமல் விழுங்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு அன்று எதுவுமே விழுங்க வரவில்லை. ரூபிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் அவர் சட்டைகளும்தான்.

“என்னடி நடந்துச்சு?” என்றேன்.

“ஏரிக்கரை ரோட்ல மழையில மாட்டிக்கிட்டாங்க. இடி விழுந்துச்சு. அவரும் ஒரு மாடும் அங்கேயே போயிட்டாங்க. போலீஸ்காரங்க வந்து பாத்து, அடக்கம் பண்ணிக்கச் சொல்லிட்டாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு அக்கா. பத்தாம் நாள் கம்பெனியிலேர்ந்து ஆள் வந்து, அவர் வழியில மூட்டை எறக்கி வித்தாராம், அப்பத்தான் செத்தாராம், ஒரு வாரத்துல வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டுப் போனான்.”

காலையில் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனேன். இந்த ஊரின் குழாய்த் தண்ணீரைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறேன். வேலூர்க் கிணறுகளில் வாளி தரையைத் தொடுகிற காலத்தில் இங்கே குழாயைத் திறந்தால் பாய்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் நின்ற பெண்களின் வாயைத் திறந்தால் பாய்வதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரென்று தெரியாமல் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: “சும்மாவா இடி விழும்? கர்த்தர் கண்ணு முன்னாடி கோயில் பெஞ்சுல உக்காந்துக்கிட்டே திருடினா?”

“நான் ரூபியோட அக்கா,” என்றேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு வீடுவரை சுட்டது. கோயில் உபதேசியாரும் நினைவு ஜெபத்தைத் தள்ளி வைத்திருந்தார். “கம்பெனி முடிவு தெரியட்டும்மா” என்றாராம். பரலோகத்துக்கும் ஆபீஸ் உத்தரவு வேண்டும்போல.

பத்து மணிக்குக் கம்பெனி யார்டுக்குப் போனேன். யார்டு கிளார்க் பொன்னுசாமி என்பவர், நம் ஜனம்தான், வட ஆர்க்காட்டுப் பேச்சு. முதலில் உட்காரச் சொன்னார். நான் யாரென்று தெரிந்ததும் முகம் மாறியது.

“துரை எழுதினது எழுதினதுதான் டீச்சரம்மா. நான் என்ன பண்ண முடியும்?”

“எதை வைத்து எழுதினார்? அந்தத் தாளைக் காட்டுங்கள்.”

தயங்கினார். பிறகு, ஒரு பெண் பிள்ளை படித்து என்ன கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். தேவசகாயம் இறந்த அன்று, ஊரில் இல்லாத துரைக்காகப் பொன்னுசாமி ஆங்கிலத்தில் எழுதி வைத்த ஒரே ஒரு வரி. முற்றுப்புள்ளி இல்லை, கமா இல்லை. அதை அப்படியே தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: ‘மேஸ்திரி சாலையில் மரணம் லைட்டனிங் வண்டி இரண்டு மூட்டை குறைவு’.

நான் பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். பார்த்ததும் புரிந்துவிட்டது. மின்னலுக்கு ஆங்கிலத்தில் லைட்னிங். பாரத்தை இறக்கி லேசாக்குவதற்கு லைட்டனிங். எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நடுவில் ஒரு ‘ஈ’. ‘ஈ’ இல்லாவிட்டால் ‘மேஸ்திரி சாலையில் மின்னலால் மரணம், வண்டியில் இரண்டு மூட்டை குறைவு’. ‘ஈ’ இருந்தால் ‘மேஸ்திரி சாலையில் மரணம், வண்டியை இரண்டு மூட்டை லேசாக்கும்போது’. வருஷா வருஷம் என் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இந்த ‘ஈ’யைப் போடுவார்கள். அடித்துவிட்டு அரை மதிப்பெண் குறைப்பேன். இங்கே அது ஒரு மனுஷனைத் திருடனாக்கியிருந்தது. அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலில் துரையின் கையெழுத்து: ‘திருட்டு. குடும்பம் வீட்டைக் காலி செய்யட்டும்.’

“ஐயா,” என்றேன். “நீங்கள் மின்னல் என்றுதானே எழுத நினைத்தீர்கள்? எழுத்துப் பிழை. துரையிடம் போய்ச் சொல்லுங்கள்.”

“பிழையா?” பொன்னுசாமி ஃபைலைப் பட்டென்று மூடினார். “டீச்சரம்மா, இது ஆபீஸ் ரெக்கார்டு. உங்க ஸ்கூல் காம்போசிஷன் நோட்டு இல்ல. நான் எழுதினது சரி.”

“அப்படியென்றால் அவர் மூட்டை இறக்கியதை நீங்கள் பார்த்தீர்களா?”

“நான் எழுதினது சரி,” என்றார் மறுபடியும், என் முகத்தைப் பார்க்காமல்.

துரையைப் பார்க்க வேண்டும் என்றேன். இன்று முடியாது என்றார். வெளியே வந்து நடந்தேன். அந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறார். தன் இங்கிலீஷ் பிழை என்று ஆகிவிடக்கூடாது. அதற்காகச் செத்தவன் திருடனாகவே கிடக்கட்டும்! ஒரு மைல் நடந்த பிறகுதான் குடையை யார்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. மழை பிடித்து நன்றாக நனைந்தேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் முனியப்பா என்ற வண்டிக்காரர் ரூபியின் வீட்டுக்கு வந்தார். நான் யார்டுக்கு வந்துபோனதைக் கேள்விப்பட்டிருக்கிறார். கன்னடக்காரர், ஐம்பது வயது இருக்கும். அக்குளில் சுருட்டிய கோணி ஒன்று. உள்ளே வரச் சொன்னாலும் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ரூபி கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார்.

“அன்னிக்கி நான் கூட இருந்தேன்மா,” என்றார் பிறகு. “மளெ ஜோரா வந்துச்சு. என் மாடு மிரண்டுபோச்சு. மேஸ்திரி அண்ணா வந்து மூக்கணாங்கயிறைப் புடிச்சுக்கினாரு. ‘நீ ஓடு முனியப்பா, அந்த மண்டபத்துல போய் நில்லு, உனக்குக் காய்ச்சல்’னாரு. ஆமா, எனக்கு அன்னிக்கி காய்ச்சல்தான். நான் ஓடினேன். திரும்பிப் பாத்தா வெள்ளையா ஒரு வெளிச்சம். கண்ணே தெரியலே. அப்புறம் பாத்தா அவரும் மாடும் கீழே. வண்டி சாஞ்சு ரெண்டு மூட்டை ரோட்டோரச் சாக்கடை மோரியில உருண்டுச்சு.”

“மூட்டையில என்ன?” என்றேன்.

“உப்பும்மா.” அவர் கோணியை விரித்தார். ஒன்றல்ல, இரண்டு. கிழிந்து, சேறு காய்ந்து, கம்பெனி முத்திரை மட்டும் நீலத்தில் தெரிந்தது. “மோரியில தண்ணி வெள்ளமாப் போச்சு. மறுநாள் காலையில போய்ப் பாத்தேன். கோணிதான் இருந்துச்சு.”

கரைந்துபோன உப்பு. அதைத்தான் அவர் விற்றுவிட்டாராம்!

“இதை ஏன் கம்பெனியில காட்டலை?”

“காட்டினேன்மா. அன்னிக்கே கொண்டு போனேன். கிளார்க்கு ‘காலிக் கோணியை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது, போ’ன்னுட்டாரு. அப்புறம் துரை வந்தாரு. எனக்கு அவர் பாஷை பரதில்ல, தெரியாது. என்னை யாரும் கேக்கலே.”

ரூபி அந்தக் கோணிகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “உனக்குக் காய்ச்சல்னு சொன்னாரா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். காலை எட்டு மணிக்கே யார்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டோம். துரை வந்தார், எங்களைத் தாண்டிப் போனார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. பொன்னுசாமி இரண்டு தடவை வந்து, “துரை பிஸி” என்றார். உள்ளே தட்டில் டீயும் கேக்கும் போனதை நான் பார்த்தேன். ரூபி வீட்டிலிருந்து கொண்டுவந்த பன்னைப் பிய்த்து மூன்று பேரும் தின்றோம். பெங்களூர் பன் வேலூர் பன்னைவிட மிருது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறொரு நாளில் ரசித்துத் தின்றிருப்பேன்.

உட்கார்ந்து அலுத்துப்போய் எழுந்து நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு பலகை. அதில் ஆணியடித்து மாட்டிய ஒரு பட்டியல்: மழைக்கு முன் யார்டில் பழுதுபார்க்க வேண்டியவை. கூரை ஓடு, வாய்க்கால், மேற்கு வாசற்கதவு. நான்காவதாக, கிடங்கின் உச்சியில் நிற்கும் இடிதாங்கி. ஆங்கிலத்தில் அதற்கு லைட்னிங் கண்டக்டர். பலகையில் இருந்ததோ லைட்டனிங் கண்டக்டர்! அதே பேனா, அதே கை, அதே ‘ஈ’. பட்டியலின் அடியில் சிவப்புப் பென்சிலில் துரையின் ஒப்புதல் கையெழுத்து.

ஆணியிலிருந்து தாளைப் பிடுங்கினேன். பொன்னுசாமி “அம்மா, அம்மா” என்று ஓடி வருவதற்குள் துரையின் அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் பள்ளித் தலைமை அம்மையாரின் அறைக்குக்கூட நான் தட்டாமல் போனதில்லை.

துரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படத்தான் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். ஆங்கிலத்தில்தான் பேசினேன், இங்கே தமிழில் தருகிறேன்.

“ஐயா, உங்கள் கிடங்கின் உச்சியில் ஓர் இரும்புக்கம்பி இருக்கிறது. அது கிடங்கின் பாரத்தைக் குறைப்பதற்காகவா வைத்திருக்கிறீர்கள்?”

“என்ன?”

“இந்தத் தாள் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.”

அவர் படித்தார். மறுபடி படித்தார். நான் மேஸ்திரியின் ஃபைலைக் கேட்டேன். பொன்னுசாமியே கொண்டுவந்து வைக்கவேண்டியதாயிற்று. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு ‘ஈ’களின் மேலும் விரலை வைத்துக் காட்டினேன். என் பின்னாலேயே வந்த முனியப்பா கோணிகளை மேஜைமேல் விரித்தார். துரை கேட்டதை நான் தமிழில் கேட்டேன். முனியப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். உப்பு, மோரி, காய்ச்சல், எல்லாம்.

துரை பொன்னுசாமியைப் பார்த்தார். “நான் உன்னைக் கேட்டேனே, மூட்டை இறக்கும்போது என்றுதானே அர்த்தம் என்று? ஆமாம் என்றாயே?”

பொன்னுசாமியின் நெற்றி வியர்த்திருந்தது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “ஸ்பெல்லிங் தப்பு இன்னொரு தரம் வந்தா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு துரை சொல்லியிருந்தார்மா. நாலு குழந்தைங்க. துரை கேட்டதுக்கு ஆமா சார்னுட்டேன். துரைகிட்ட இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை.”

அதை மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார். ஆமாம், சிரித்தார்! நல்ல வேடிக்கை, கிளப்பில் சொல்லவேண்டும் என்றார். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த ‘ஈ’யை அடித்தார், ‘திருட்டு’ என்பதையும் அடித்தார். வீட்டைக் காலி செய்யவேண்டாம், வருஷக் கடைசிவரை இருக்கலாம் என்று எழுதினார். கிளார்க்கை நாளையோடு அனுப்பிவிடுகிறேன், திருப்திதானே என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஒரு பெண் நாட்கணக்காகக் குழாயடிக்குப் போகமுடியாமல் இருக்கிறாள். இவருக்கு இது கிளப்பில் சொல்லும் கதை.

“எனக்குத் திருப்தியில்லை,” என்றேன். “ஃபைலில் நீங்கள் அடித்ததை யார் படிப்பார்கள்? திருடன் என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. கிளார்க்கை வேலையைவிட்டு அனுப்பவேண்டாம். அவர் எழுதியது தப்பு என்பதை எல்லா வண்டிக்காரர்களுக்கும் முன்னால் அவர் வாயாலேயே, தமிழில் படிக்கச் சொல்லுங்கள். நாளைக் காலையில், வண்டி பூட்டும் நேரத்தில்.”

துரையின் சிரிப்பு நின்றது. சரி என்றார்.

நான்காம் நாள் காலை யார்டில் வண்டிக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். குழாயடிப் பெண்களும் சிலர் வந்திருந்தார்கள், முனியப்பா சொல்லிவிட்டிருக்கிறார். உபதேசியார் வாசலருகே நின்றார். துரை வரவில்லை. பொன்னுசாமி ஒரு கட்டையின்மேல் ஏறி, நான் எழுதிக்கொடுத்த தாளைப் படித்தார். ஏரிக்கரைச் சாலையில் மின்னல் தாக்கி, இடி விழுந்து தேவசகாயம் இறந்தார். அப்போது அவர் மிரண்ட மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மூட்டை உப்பு மோரியில் கரைந்தது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. முன்பு எழுதியது என் பிழை. கடைசி வரியில் அவர் குரல் அமுங்கிவிட்டது. வண்டிக்காரர்கள் தலைப்பாகைகளை அவிழ்த்தார்கள்.

இறங்கப் போனவரை ரூபி நிறுத்தினாள். நான் அவளைத் தடுக்கக்கூட நினைத்தேன். நிலைமை கெட்டுவிடுமோ என்று.

“ஐயா, தாள்ல வெறும் தேவசகாயம்னு இருக்கு,” என்றாள். “அவர் மேஸ்திரி. மேஸ்திரின்னு சேத்து இன்னொரு தரம் படிங்க.”

நான் எழுதிக்கொடுத்த தாள் அது. அந்த வார்த்தையை விட்டது நான். பதினாறு வருஷமாகப் பிறர் பிழைகளைத் திருத்துகிறவள்.

பொன்னுசாமி மறுபடி கட்டையின்மேல் ஏறினார். “மேஸ்திரி தேவசகாயம்,” என்று தொடங்கி முதலிலிருந்து படித்தார், இந்தத் தடவை உரக்க.

அன்று மத்தியானம் ரூபி குடத்தை எடுத்துக்கொண்டு தானே குழாயடிக்குப் போனாள். நான் கூட வரவா என்றேன். வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் ரயிலேறினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வேலூர்க்காரப் பெண், விசிறியால் விசிறிக்கொண்டே, “பெங்களூர்லேர்ந்தா வர்றீங்க? குளுகுளுன்னு இருந்திருக்குமே” என்றாள்.

“நாலு நாள் இருந்தேன்,” என்றேன். “எனக்குக் குளிரவே இல்லை.”